பாதி முகத்தோடு வந்த மகளுக்கு

உன்னைப் பார்த்து நான் சிரிக்கவில்லை, அமுதா. நேற்றிலிருந்து இதை எத்தனை தடவை சொல்லிவிட்டேன், நீ நம்ப மாட்டேன் என்கிறாய். காலையில் பையை மாட்டிக்கொண்டு அடையாறுக்குக் கிளம்பியபோதும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "நீ ரோட்ல நின்னு கூவிக் கூவி வித்தா அது யாபாரம், நான் வித்தா மட்டும் உனக்குச் சிரிப்பா கீதா நைனா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாய். பதில் என்னிடம் இருந்தது. வாயில் வெற்றிலை இருந்ததால் வெளியே வர நேரமானது. அதற்குள் நீ தெருமுனை தாண்டிவிட்டாய். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை என்று பிரிந்துவிட்டோம். ரேஷன் கார்டு விண்ணப்பத்தைவிட நீளமாக எதையும் நான் எழுதியதில்லை. காகிதம் தேடியபோது உன் ஆர்டர் ஃபாரம் கட்டுதான் கையில் கிடைத்தது. பின்பக்கம் நல்ல வெள்ளையாக இருக்கிறது. உன் மேடம் கோபித்துக்கொண்டால், எங்கப்பா மொத்தமாக ஆர்டர் கொடுத்துவிட்டார் என்று சொல்லிக்கொள்.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மந்தைவெளி ரயில் நிலைய வாசலில் உன்னைச் சேர்த்துக்கொள்ளும் கம்பெனியின் பானு மேடம் வந்து நிற்பார். கையெழுத்துப் போட்டுவிட்டால் நீ அழகு ஆலோசகர். வீடு வீடாகப் போய் க்ரீமும் லிப்ஸ்டிக்கும் தடவிக் காட்டி விற்பவளுக்கு அந்தக் கம்பெனி வைத்திருக்கும் பெயர் அது. நன்றாகத்தான் இருக்கிறது, என்னை நடைபாதையில் எல்லோரும் 'யோவ்' என்றுதான் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்டால், பதினோரு வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்த்த தி.நகர் புடவைக் கடையை விட்டுவிடுவாய். போடாவிட்டால், ஒரு வாரமாக நம் கூடத்தின் நடுவில் கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருக்கும், கம்பெனி கொடுத்த அந்த ரோஸ் பெட்டி திரும்பிப் போகும்; நீ நாளை மறுபடி இரண்டாம் மாடிக்குப் போய்ப் புடவையைப் பிரித்துப் போட்டு மடித்து வைப்பாய். லீவு இன்றோடு சரி. உன் வீட்டுக்காரரைக் கேட்டாய். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னால் ஏதாவது கோணலானால் "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்வதற்காக ஆண்பிள்ளைகள் சேமித்து வைக்கும் வார்த்தை அது. பிறகு என்னைக் கேட்டாய். "சேரட்டுமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லு நைனா." நான் "பவுடர்" என்றேன். நீ தட்டை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாய். கனமான கேள்வி வந்தால் நான் அப்படித்தான் நழுவுவேன். உன் அம்மா கடைசி வரை என்னிடமிருந்து ஒரு நேரான பதில் வாங்கியதில்லை, பாவம்.

நேற்றைய கூட்டத்துக்கு நானாக வரவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். "சும்மா வந்து பாரு நைனா, டீ குடுப்பாங்க, பிஸ்கட் குடுப்பாங்க" என்று நீதான் அழைத்துப் போனாய். தேனாம்பேட்டையில் அந்த ஓட்டலின் நாலாவது மாடி. உள்ளே நுழைந்ததும் குளிர் முதுகில் ஏறிக்கொண்டது. நாற்பது ஐம்பது பெண்கள், எல்லோர் மேலும் ஒரு வாசனை, எதற்கெடுத்தாலும் கைதட்டல். ஒருத்தி எழுந்து தன் பெயரைச் சொன்னாள், தட்டினார்கள். இன்னொருத்தி மூன்று பேரைச் சேர்த்துவிட்டேன் என்றாள், அதற்கும் தட்டினார்கள். நான் தும்மினேன், எனக்கு முன்னால் இருந்த பெண் பழக்க தோஷத்தில் தட்டிவிட்டாள். அப்புறம் பானு மேடம் மைக்கை எடுத்து, "எல்லாரும் கண்ணை மூடுங்க ஃப்ரெண்ட்ஸ். உங்க கனவு என்னன்னு பாருங்க. கலரோட பாருங்க" என்றார். சொன்ன பேச்சைக் கேட்டு நானும் கண்ணை மூடினேன். ஏசி குளிர், மெத்தை நாற்காலி, மத்தியானம் சாப்பிட்ட வஞ்சிரக் குழம்பு. அந்த நாலாவது மாடியிலேயே உண்மையாகக் கனவு கண்ட ஒரே ஆள் நான்தான்.

கனவில் பாண்டி பஜார் நடைபாதை வந்தது. இப்போது இருக்கிற அகலமான, பெஞ்சு போட்ட நடைபாதை இல்லை. பழையது, ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு நடந்தது. என் மரப்பலகை. அதன்மேல் வரிசை வரிசையாக நகப்பாலிஷ் பாட்டில்கள். நாலரை மணி வெயில் எதிர்க் கடைக் கண்ணாடியில் பட்டு, அங்கிருந்து சாய்ந்து என் பலகைக்கு வரும். ஒரு கால்மணி நேரம்தான் நிற்கும். அந்தக் கால்மணி நேரமும் பாட்டிலுக்குள் விளக்கு ஏற்றியது போல இருக்கும். அப்போது நான் யாரையும் கூவிக் கூப்பிட மாட்டேன்; தானாக வந்து நிற்பார்கள். பாட்டிலில் இருந்த இங்கிலீஷ் பெயர்கள் எனக்குப் படிக்க வராது. அதனால் நானே பெயர் வைத்தேன். பழுத்த நாவல். வெயில் பட்ட செங்கல். மாம்பலம் மழை. ஒரு சிவப்புக்குக் கோபக்காரி என்று பெயர். மாம்பலத்திலிருந்து வருகிற டீச்சரம்மா ஒருத்தர் முகத்தைச் சுளிக்காமல், "ஏம்பா, போன மாசம் ஒரு கோபக்காரி குடுத்தியே, அது காஞ்சு போச்சு" என்று கேட்டு வாங்கிப் போவார். நேற்று கனவில் அந்தப் பாட்டில்கள் எல்லாம் மூடி திறந்து, ஒன்றோடொன்று கலக்காமல், ரோட்டில் மெல்ல ஓடிக்கொண்டிருந்தன. ஆட்டோக்கள் ஓரமாக ஒதுங்கி வழி விட்டன. போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தாமல் தொப்பியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதிரி ஒரு சாயங்காலம் நிஜத்தில் எனக்கு வாய்த்ததில்லை.

நீயும் கனவில் இருந்தாய், எட்டு வயசில். கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாய். பத்து விரலில் பத்து நிறம். சனி, ஞாயிறு உன்னைக் கடைக்குக் கூட்டி வந்தால் முதலில் அதுதான் வேலை. பாட்டிலைத் திறந்து வாங்க வருகிறவர்கள் விரலிலெல்லாம் போட்டுக் காட்டினால் சரக்கு தீர்ந்துவிடும். உன் கையை நீட்டச் சொன்னால் போதும். நீ ராணி மாதிரி நீட்டுவாய். பெரிய பெரிய பெண்கள் குனிந்து உன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "இது இன்னா பேரு பாப்பா?" என்றால், நான் வைத்த பெயரை நீ ஒப்பிப்பாய். எனக்கு மறந்துபோன பெயரும் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் முழித்தால் நீயே புதிதாக ஒன்று வைத்துவிடுவாய். ஒரு தடவை அழுக்கு மஞ்சளாக ஒரு சரக்கு வந்து விற்காமல் கிடந்தது. நீ அதற்கு 'பரீட்சை லீவு' என்று பெயர் வைத்தாய். ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது.

அங்கிருந்துதான் முழித்தேன். கைதட்டல் சத்தம். கண்ணைத் திறந்தால் நீ மேடையில் நாற்காலியில் இருக்கிறாய். எப்போது உன்னைக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. உன் முகத்தின் வலப்பக்கம் மட்டும் முழு மேக்கப். கண்ணுக்கு மை, கன்னத்துக்கு மினுமினுப்பு, பாதி உதட்டுக்கு மட்டும் சிவப்பு. இடப்பக்கம் நீ. இடையில் மூக்கின் நடுவே கோடு கிழித்த மாதிரி. பானு மேடம் உன் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார். அப்புறம் மைக்கில் சொன்னார். "பாருங்க ஃப்ரெண்ட்ஸ், இவங்க ஸ்கின் டோனுக்கே இப்படி ஒரு க்ளோ வருதுன்னா, உங்களுக்கெல்லாம் எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க." எல்லோரும் யோசித்தார்கள். எல்லோரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டல் அடங்குகிற நேரம் பார்த்து நான் சிரித்தேன். சின்னச் சிரிப்பு இல்லை. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீயும் பார்த்தாய், உன் இரண்டு முகத்தாலும்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஏறியும் நீ முகத்தைத் துடைக்கவில்லை. சிக்னலில் நின்றோம். சிவப்பு விளக்கு உன் மேக்கப் போட்ட கன்னத்தில் பட்டது. பச்சைக்கு மாறி ஆட்டோ திரும்பியபோது அந்த வெளிச்சம் உன் வெறும் கன்னத்தில் பட்டது. அந்த ஒரு நிமிஷம் நீ யாரோ மாதிரி இருந்தாய். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நாடகமா சிஸ்டர்?" என்று மரியாதையாகக் கேட்டார். உன் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் நாங்கள் மூன்று பேரும் சிரித்திருப்போம். நீ ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

ஏன் சிரித்தேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பேனா வேறு பக்கம் இழுக்கிறது. முதலில் வியாபாரம் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், அதுதான் எனக்குத் தெரிந்தது. சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் பையோடு போகாதே. செவ்வாய்க்கிழமை நீ கே.கே. நகர் சித்தி வீட்டுக்குப் போய் வந்து சொன்ன கதையை நினைத்துப் பார். வழக்கமாக நீ போனால் சாப்பிடாமல் விடமாட்டாள், ராத்திரி தங்கச் சொல்லுவாள், கிளம்பும்போது மனசே இல்லாமல் குங்குமத் தட்டை எடுத்து வருவாள். அன்று நீ பையின் ஜிப்பைத் திறக்கும்போதே குங்குமத் தட்டு வந்துவிட்டது என்றாய். நெற்றியில் வைத்துக்கொண்ட பிறகு எந்தப் பெண்பிள்ளையும் அங்கே உட்கார முடியாது. சித்தி உன்னைப் போ என்று சொல்லவில்லை, வாழ்த்தி அனுப்பிவிட்டாள். உன்னை அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. அந்தப் பையைப் பார்த்ததும் அவளுக்கு நீ தன் அக்கா சரோஜாவின் மகளாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். நடைபாதையில் எனக்கு அந்தத் தொல்லை கிடையாது. வருகிறவள் யாரோ, போகிறவள் யாரோ. உன் கம்பெனியோ முதலில் உனக்குத் தெரிந்த நூறு பேரின் பெயரை எழுதச் சொல்கிறது. நீ எழுதிய பட்டியலைப் பார்த்தேன். ஏழாவது பெயர் உன் பள்ளிக்கூடத்துத் தோழி. அந்தப் பெயரை அடித்துவிடு. அவள் உனக்கு வேண்டும்.

இரண்டாவது விஷயம் வியாபாரம் இல்லை. புதன்கிழமை மத்தியானம். நான் பாயில் படுத்திருந்தேன். நீ என் முழங்கையைத் தலையணைமேல் எடுத்து வைத்து, "அசையாத நைனா, கோடு கலைஞ்சுடும்" என்று சொல்லி, உள்கையில் வரிசையாகக் கோடு கிழித்தாய். நிறம் பொருத்தப் பழகுகிறேன் என்றாய். க்ரீம் சில்லென்று இருந்தது. ஃபேன் ஓடியது, கீழே யாரோ இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்தார்கள், நான் தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியாது. என் கை எங்கேயோ தூரத்தில், அடையாறு ஆற்று முகத்துவாரத்துச் சேற்றுமேல் கிடப்பது போலவும், தண்ணீர் வந்து வந்து அதன்மேல் வரி போட்டுவிட்டுப் போவது போலவும் இருந்தது. நீ என்னைத் தட்டி எழுப்பினாய். "எண்ணு நைனா, எத்தினி கோடு போட்டேன்?" ஏழு என்றேன். "எட்டு. அஞ்சாவது எங்க சொல்லு." தேடினேன். இல்லை. நீ என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாய். பிசுபிசுவென்று இருந்தது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. "காணாமப் போச்சு பாத்தியா, அதான் உன் நிறத்து நம்பர்" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் கேட்டு ரொம்ப நாளாகிறது. புடவைக் கடையிலிருந்து வந்து சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அப்போது உன்னிடம் சிரிப்பு இருக்காது, யாரிடமும் இருக்காது. நாற்பது வருஷம் விற்றவன் சொல்கிறேன்: என் நிறத்தை எனக்கே தெரியாமல் ஒளித்து வைக்கத் தெரிந்தவளுக்கு இந்தத் தொழில் வரும். தொழில் வருமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் பயம் வேறு.

சரி, சொல்லிவிடுகிறேன். வெற்றிலையையும் துப்பிவிட்டேன்.

உனக்கு எட்டு வயசு, பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. கூட்டம் நெரித்தது. பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா வந்து நின்றாள். நல்ல சிவந்த கை. எதை எடுத்தாலும் கீழே வைத்தாள். நீ கையை நீட்டிக்கொண்டே இருந்தாய், அவள் உன் விரல்களைப் பார்ப்பதும் தன் விரல்களைப் பார்ப்பதுமாக இருந்தாள். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. உன் மணிக்கட்டைப் பிடித்து அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டுச் சொன்னேன்: "இந்தக் கறுப்புக் கையிலயே இன்னா எடுப்பா கீது பாரும்மா. உன் கைக்குப் போட்டா ஊரே திரும்பிப் பாக்கும்." பச்சைப் புடவைக்காரம்மா சிரித்தாள். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் வாங்கிக்கொண்டு போனாள். உன் கை என் கையிலிருந்து எப்போது போனது என்று நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுத்தவளுக்குக் காட்டலாம் என்று திரும்பினால், நீ விரல்களை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த சனிக்கிழமை கூப்பிட்டேன். "வீட்டுப் பாடம் கீது நைனா" என்றாய். அதற்கடுத்த சனிக்கிழமையும் வீட்டுப் பாடம். அப்புறம் நான் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று பக்கத்துக் கடைக்காரனிடம் பெருமை அடித்துக்கொண்டேன். வீட்டுப் பாடம் என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இத்தோடு போயிருந்தால் ஏதோ கூட்ட நேரத்தில் வாய் தவறியது என்று சொல்லிவிடலாம். அதற்கப்புறமும் அந்த வாக்கியத்தை நான் விடவில்லை. அது நன்றாக விற்றது. நீ வராவிட்டால் என்ன, உன் கை தேவைப்படவில்லை. "எம் பொண்ணு என்னைவிடக் கறுப்பும்மா, அவளுக்கே இது எடுக்குது" என்பேன். அந்தக் கடை இருந்தவரைக்கும் சொன்னேன். உன் கல்யாணப் பத்திரிகையைப் பலகைமேல் வைத்துக்கொண்டும் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேரிடம் என்று என்னால் சொல்ல முடியாது. நீ பள்ளிக்கூடத்திலும், பிறகு புடவைக் கடையிலும் இருந்த அத்தனை வருஷமும் நான் உன்னை அந்த நடைபாதையில், நீ இல்லாமலேயே, நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று நாலாவது மாடியில், தூக்கத்திலிருந்து எழுந்த காதில், அதே வாக்கியம் மைக்கில் வந்தது. கொஞ்சம் இங்கிலீஷ் போட்டு, கொஞ்சம் குளிரவைத்து. பானு மேடம் கெட்டவர் இல்லை. கூட்டத்தை உசுப்பேற்றுவதற்காகச் சொன்னார், மறந்திருப்பார். நானும் அப்படித்தான், சொன்ன அடுத்த நிமிஷமே மறந்தவன். என் குரல் பொம்பளைக் குரலாக மாறி, கோட்டுப் போட்டு, என் எதிரே நின்று, உன் தாடையைப் பிடித்துத் திருப்புகிறது. வேறு மனுஷனாக இருந்தால் எழுந்து போயிருப்பான், சத்தம் போட்டிருப்பான். எனக்கு எது வந்தாலும் சிரிப்பாகத்தான் வெளியே வரும். உன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் நான் ஏதோ சொல்லி, பாடை கட்டுகிறவன் சிரித்தான். உனக்குத் தெரியும், நீ என்னை முறைத்தாய்.

அதனால்தான் சேரு என்றோ வேண்டாம் என்றோ எனக்குச் சொல்ல வரவில்லை. வேண்டாம் என்றால், நீ நாளையிலிருந்து மறுபடி நின்றுகொண்டே இருப்பாய். சேரு என்றால், ஒரு நாள் மாத முடிவில், பெட்டியில் சரக்கு மிச்சம் இருக்கிற நேரத்தில், ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில் எவளோ ஒரு பெண்ணின் கையைப் பிடித்துப் பக்கத்திலிருப்பவளிடம் நீ அதைச் சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அது ரொம்பச் சுலபமாக வாயில் வரும். அல்லது நீயே உன்னைக் காட்டிச் சொல்லிக்கொள்வாய், அது அதைவிடச் சுலபம். நடந்ததற்கு நான் உன்னிடம் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருக்கிறது. எனக்குப் பழக்கமில்லாத வார்த்தை. கடைசிப் பக்கத்தில் எழுதலாம் என்று ஒரு ஃபாரத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம்

இங்கே எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் நீ வந்தாய். மணி நாலேகால் ஆகியிருந்தது. பையைக் கீழே வைத்து, நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தாய். அப்புறம்தான் மேஜையைப் பார்த்தாய்.

"இன்னா நைனா, ஃபாரம் அத்தினியும் கிறுக்கி வெச்சிக்கிற."

"உனக்குத்தான். படி."

"நேர்ல சொல்ல மாட்டியா, எதிர்லதான கீறேன்."

"நேர்ல சொன்னா நீ தட்டை வெச்சுட்டுப் போயிடற."

பீரோவில் சாய்ந்துகொண்டு படித்தாய். கோபக்காரி வந்த இடத்தில் உன் உதடு ஒரு பக்கம் கோணியது, நான் பார்த்தேன். குங்குமத் தட்டு வந்த இடத்தில் "ஊர்ல இருக்கறவங்க கதையெல்லாம் எழுதறியா" என்றாய். ஒரு ஃபாரத்தில் ரொம்ப நேரம் நின்றாய். எது என்று எனக்குத் தெரியும் என்பதால் நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேப்பர் திரும்புகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது திரும்பியதும், கட்டை அப்படியே அடுக்கி மேஜைமேல் வைத்தாய்.

"எனக்கு இதெல்லாம் ஞாபகமே இல்ல நைனா."

"நெஜமாவா?"

"எட்டு வயசுல நடந்தது யாருக்கு ஞாபகம் கீது. நீயா போட்டு மனசைக் கொழப்பிக்கினு." சொல்லிக்கொண்டே கண்ணாடி முன்னால் போய் முடியைச் சரிசெய்தாய். என் நெஞ்சில் எங்கோ முடிச்சுப் போட்டிருந்த ஒன்று அவிழ்ந்து கால் வரைக்கும் இறங்கியது. உடம்பே லேசாகிவிட்டது. இந்த முப்பது வருஷமும் நான் தனியாகத்தான் அதை வைத்துக்கொண்டிருந்தேன், உன்னிடம் அது இல்லவே இல்லை என்று நினைத்தபோது, ஜன்னலில் விழுந்த வெயில்கூட வேறு மாதிரி தெரிந்தது.

நீ பையை எடுத்தாய். பெட்டியையும் எடுத்தாய்.

"திருப்பிக் குடுத்துடப் போறியா?"

"சேரத்தான் போறேன். மேடத்துகிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்கு ஒத்துக்கினா கையெழுத்து, இல்லன்னா பொட்டிய அங்கயே குடுத்துட்டு வந்துடுவேன்."

"இன்னா சொல்லப் போற?"

"மேடைக்குக் கூப்ட்டா வர்றேன், ஆனா முழு மூஞ்சிக்கும் போட்டுத்தான் வருவேன். 'இவங்களுக்கே'ன்ற பேச்சு என்னை வெச்சும் கூடாது, வேற எந்தப் பொண்ண வெச்சும் கூடாது. நானும் எங்கயும் சொல்ல மாட்டேன்." செருப்பில் காலை நுழைத்தாய். "காத்தால அடையாறுல ஒரு காலேஜ் பொண்ணு. ரெண்டு ஷேட் வெள்ளையாத்தான் வேணும்னு ஒரே அடம். அவ நிறத்துலயே எடுத்துத் தாடையில போட்டேன். கண்ணாடியில தேடுது, தேடுது, எங்கக்கா போட்டீங்கன்னு கேக்குது. அதையே வாங்கிக்கிச்சு."

"இரும்மா, இன்னும் முடிக்கல. ஒரு பக்கம் பாக்கி கீது."

"ட்ரெயின் வந்துடும், மேடம் போயிடும் நைனா."

நீ இறங்கினாய். நான் பேனாவை எடுத்து, எடுத்து வைத்திருந்த ஃபாரத்தைத் திருப்பி, அந்த வார்த்தையின் முதல் எழுத்தைப் போட்டேன். அப்போது படிக்கட்டின் பாதியிலிருந்து உன் குரல் வந்தது. கோபமாக இல்லை. கடையில் இரண்டாம் மாடியிலிருந்து முதல் மாடிக்குச் சரக்கு சொல்கிற குரல்.

"நைனா, அந்த அம்மா கட்டிக்கினு வந்தது பச்சப் பொடவ இல்ல. ஊதா. அரக்கு பார்டர்."

நான் எழுந்து படிக்கட்டுக்கு வருவதற்குள் கீழே கேட் சாத்தும் சத்தம் கேட்டது.